3 மீட்டர்ல சுடுறது ஈஸியா? கிட்டத்து இலக்குதான் சிக்கலே! 'பிராக்டிகல் ஷூட்டிங்' களத்தை எப்படி அமைக்கிறாங்க?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பகுதியில் இருந்த துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயது சிறுவனின் தலையில் ஒரு தோட்டா பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ம் தேதி தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் அந்தச் சிறுவன் உயிரிழந்தான். தளம் மூடப்பட்டது. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

அந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் வந்த சந்தேகம் ஒன்றுதான். நார்த்தாமலை குன்றுகள் சூழ்ந்த இடமாச்சே, குன்று இருந்துமா தோட்டா வெளியே போச்சு?

அது படைப் பயிற்சி. இந்தக் கட்டுரையில் பார்க்கப்போவது ஒரு விளையாட்டு. ஆனால் இரண்டுக்கும் அடிப்படைக் கேள்வி ஒன்றேதான்: இலக்கைத் தாண்டிய பிறகு தோட்டா எங்கே போய் நிற்கும்? கைத்துப்பாக்கியில் சுடும் 9 எம்.எம். தோட்டாகூட தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. 3 மீட்டரில் இருக்கும் அட்டையைத் துளைத்த தோட்டாவுக்கு அது 3 மீட்டர் அட்டை என்று தெரியாது.

பிராக்டிகல் ஷூட்டிங்னா என்ன?

துப்பாக்கி சுடும் போட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒலிம்பிக். நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நின்று சுடுவது. இல்லைன்னா நடிகர் அஜித் குமார் 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் கலந்துகொண்டது. ரெண்டிலும் வீரர் ஒரே இடத்தில் நிற்பார். இலக்கு ஒரே தூரத்தில் இருக்கும். மூச்சை அடக்கி, நிதானமாகச் சுட வேண்டும்.

பிராக்டிகல் ஷூட்டிங் இதுக்கு நேர் எதிர். வீரர் ஓடுவார், குனிவார், சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார், ஜன்னல் மாதிரி இருக்கும் ஓட்டை வழியாகச் சுடுவார். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுப்பதிலிருந்து கடைசித் தோட்டா வரை டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு களத்துக்கும் 'ஸ்டேஜ்' என்று பெயர். ஒரு போட்டியில் பல ஸ்டேஜ்கள் இருக்கும். எதுவும் இன்னொன்று மாதிரி இருக்காது. கிட்டத்தட்ட சினிமா செட் போடுற வேலை.

1976 மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் கூடி இதற்கென ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஐ.பி.எஸ்.சி. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், முன்னாள் மரைன் படை அதிகாரி. துல்லியம், வலிமை, வேகம் மூன்றும் சமநிலையில் இருக்க வேண்டும் என்பதுதான் அமைப்பின் கொள்கை. 2022-ல் இதன் கைத்துப்பாக்கி உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது.

இலக்கு பெரும்பாலும் பழுப்பு நிற அட்டை. தலை இல்லாத எட்டுமுனை வடிவம், பார்க்க ஆமை ஓடு மாதிரி இருக்கும். அதோடு சுட்டதும் கீழே விழும் இரும்புத் தகடுகளும் உண்டு.

கிட்ட இருந்தா பாதுகாப்புதானே?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஒரு வீரர் முட்டி போட்டுச் சுடுகிறார். துப்பாக்கி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3 மீட்டர் தள்ளி அட்டை. அதன் மேல் விளிம்பு 170 சென்டிமீட்டர் உயரம். அந்த விளிம்பில் பட்டு வெளியேறும் தோட்டா ஒவ்வொரு 3 மீட்டருக்கும் 80 சென்டிமீட்டர் மேலே ஏறிக்கொண்டே போகும். மண்மேடு வீரரிடமிருந்து 10 மீட்டரில் இருந்தால், அங்கே போய்ச் சேரும்போது தோட்டாவின் உயரம் சுமார் 357 சென்டிமீட்டர். மேட்டின் உயரம் 3 மீட்டர்தான் என்றால்? அரை மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு ஊருக்குள் பறந்துவிடும்.

அதே அட்டையை 8 மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். அதே ஆள், அதே உயரம், அதே மண்மேடு. இப்போது தோட்டா மேட்டில் படும் உயரம் 190 சென்டிமீட்டர். பத்திரமாக மண்ணுக்குள் போய்விடும்.

அப்போ கிட்டத்தில் இலக்கே வைக்கக் கூடாதா? வைக்கலாம். அட்டையைத் தாழ்த்தலாம். அல்லது ஆளையும் அட்டையையும் சேர்த்து மண்மேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். மேடு வீரரிடமிருந்து 5 மீட்டரில் இருந்தால் அதே தோட்டா 223 சென்டிமீட்டரில் படும். அனுபவம் உள்ள ஸ்டேஜ் வடிவமைப்பாளர்கள் கிட்டத்து இலக்குகளை மேட்டோடு ஒட்டி வைப்பது இதனால்தான். தூரத்து இலக்கைக் களத்தின் நடுவில் வைத்தாலும் பெரிய பிரச்சினை வராது. கிட்டத்து இலக்கை நடுவில் வைத்தால் வரும்.

தோட்டா மேட்டைத் தாண்டிப் போனால் விதிப்படி அந்த வீரர் அப்போதே போட்டியிலிருந்து வெளியேற்றப்படுவார். ஆனால் வெளியேற்றுவது தண்டனைதானே தவிர, பறந்துபோன தோட்டாவை அது திரும்பக் கொண்டுவராது. அதனால் இதில் முதல் பொறுப்பு சுட்டவருக்கு முன்னால் ஸ்டேஜ் போட்டவருக்கு.

90 டிகிரி கோடு

இந்த விளையாட்டின் லட்சுமண ரேகை இதுதான். வீரர் பின்தடுப்பின் மையத்தை நேராகப் பார்த்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் 90 டிகிரி, வலப்பக்கம் 90 டிகிரி, மேலேயும் அப்படியே. துப்பாக்கியின் குழல் முனை அதைத் தாண்டினால், சுடவே இல்லை என்றாலும் ஆட்டம் முடிந்தது. ஏனென்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ரேஞ்ச் ஆபீசரும் பார்வையாளர்களும் நிற்கிறார்கள்.

கிட்டத்து இலக்கு இங்கேயும் வேலையைக் காட்டும். பாதைக்கு இடதுபுறம் 2 மீட்டர் விலகி, 3 மீட்டர் முன்னால் ஓர் அட்டை இருக்கிறது. நிற்கும் இடத்திலிருந்து சுட்டால் கோணம் 34 டிகிரி. 2 மீட்டர் முன்னே நடந்தால் 63 டிகிரி. இன்னும் ஒரு மீட்டர், அதாவது ஒரே ஒரு பெரிய எட்டு வைத்தால் 90. அடுத்த எட்டில் அந்த அட்டை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஓடுகிற ஆளுக்கு இது ஒரு விநாடி வேலை. "அய்யோ ஒண்ணை விட்டுட்டோமே" என்று திரும்பினால் தகுதிநீக்கம், அதைவிட மோசமானதும் நடக்கலாம்.

அதே 2 மீட்டர் விலகலில், 10 மீட்டர் முன்னால் அட்டை இருந்தால்? நின்ற இடத்தில் 11 டிகிரி, 3 மீட்டர் நடந்த பிறகும் 16 டிகிரிதான்.

ஐ.பி.எஸ்.சி விதிப் புத்தகம் இதை வீரரின் தலையில் கட்டாமல் வடிவமைப்பாளரிடம் கொடுக்கிறது. இலக்கு கண்ணில் பட்டவுடன் சுட்டால் பாதுகாப்புக் கோணம் மீறப்படாதபடி எல்லா இலக்கும் வைக்கப்பட வேண்டும், ஆபத்தான விதத்தில் சுடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது விதி. இந்த விதியை நான் இரண்டு தடவை படித்தேன். வண்டி ஓட்டுபவரைத் திட்டுவதற்கு முன்னால் ரோடு போட்டவரைக் கேள் என்று சொல்கிற விதி நம்ம ஊரில் எத்தனை துறையில் இருக்கு சொல்லுங்க.

நடைமுறையில் என்ன செய்வார்கள்? ஆபத்தான கோணம் வருவதற்கு முன்பே அட்டை மறைந்துவிடும்படி ஒரு தட்டி வைப்பார்கள். அல்லது தரையில் மரச்சட்டம் அடித்து, அதற்கு மேல் முன்னேற முடியாதபடி எல்லை போடுவார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டால் ஓடும்போது தெரியாது, சட்டம் என்றால் காலில் தட்டும்.

குறுகலான ஸ்டேஜில் இன்னொரு ஆளையும் மறந்துவிடக் கூடாது. டைமரைக் கையில் பிடித்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீசர் வீரரின் பின்னாலேயே வருவார். வீரர் திடீரென்று பின்வாங்கி நடக்கும்படி ஸ்டேஜ் போட்டால், பின்னால் வரும் ஆபீசருக்கு ஒதுங்க இடம் இருக்காது. ஒருத்தர் போகிற சந்து போதாது, ரெண்டு பேர் போக வேண்டும்.

இரும்பும் செம்மண்ணும்

எனக்கு ஊர் இரும்பை. திண்டிவனம் பக்கம் இல்லை, வானூர் தாலுகா, ஆரோவிலை ஒட்டி. சின்ன வயசில் உண்டிவில்லில் கூழாங்கல் வைத்து ஒரு தகரக் கொட்டகை மேல் அடித்தோம். கல் அதே வேகத்தில் திரும்பி வந்து பக்கத்தில் நின்றவனின் புருவத்தைக் கிழித்தது. மூணு தையல். அன்றைக்குத் தெரிந்துகொண்ட பாடத்தை இந்த விளையாட்டில் மீட்டர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இரும்புத் தகட்டில் படும் தோட்டா நசுங்கி, துகள் துகளாகச் சிதறும். சில துகள்கள் பின்னாலேயும் வரும். அதனால் கைத்துப்பாக்கிப் போட்டியில் இரும்பு இலக்கைச் சுடும்போது வீரரும் ஆபீசரும் குறைந்தது 7 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தரையில் எல்லைக் கோடு போடுவதாக இருந்தால் அதை 8 மீட்டரில் போட வேண்டும். ஏன் அந்த ஒரு மீட்டர்? வேகத்தில் யாராவது கோட்டைத் தெரியாமல் மிதித்தாலும் 7 மீட்டருக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. மனுஷன் தப்பு செய்வான் என்று முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு மீட்டர் அது. களத்தில் இருக்கும் எல்லோரும், பார்வையாளர் உட்பட, கண்ணாடியும் காது அடைப்பானும் அணிய வேண்டும் என்று விதிப் புத்தகம் வலுவாகப் பரிந்துரைக்கிறது.

ஆக, முழுக்க முழுக்கக் கிட்டத்து ஸ்டேஜ் என்றால் இரும்பை மறந்துவிட்டு அட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். (ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை!)

இப்போது மண். எங்க ஊர்ப் பக்கம் மழை அரித்து உண்டான செம்மண் ஓடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும். சினிமாக்காரர்கள் யாராவது "சூப்பர் ஷூட்டிங் ரேஞ்ச் ஆச்சே" என்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த மண்ணில் சரளையும் கூழாங்கல்லும் கலந்திருக்கும். தோட்டாவுக்குக் கல்லும் இரும்பும் ஒன்றுதான், பட்டால் திசை மாறும். அதனால்தான் பின்தடுப்பு மேட்டின் முகப்பில் கல் இல்லாத மண்ணோ மணலோ இருக்க வேண்டும். இயற்கையாக ஒரு குன்று இருப்பதே போதும் என்று நினைப்பதில் உள்ள கோளாறும் இதுதான். பாறைக் குன்று தோட்டாவை நிறுத்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, திருப்பியும் விடலாம்.

தரையும் அப்படியே. வீரர் நிற்கும் இடத்திலிருந்து 3 மீட்டருக்குள் தரையில் தோட்டா பட்டால் தகுதிநீக்கம். ஆனால் 3 மீட்டருக்குள் வைக்கப்பட்ட அட்டையைச் சுடும்போது பட்டால் மட்டும் விதிவிலக்கு. அதாவது காலடிக்குப் பக்கத்தில் தாழ்வான இலக்கு வைத்தால், தரையில் தோட்டா படத்தான் செய்யும் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. அந்த இடத்தில் சிமென்ட் தரையோ ஜல்லியோ இருந்தால் என்ன ஆகும் என்று வடிவமைப்பாளர்தான் யோசிக்க வேண்டும்.

நியாயம் எங்கே கெடுகிறது?

பாதுகாப்பு சரி. போட்டி நியாயமாக நடக்க வேண்டாமா? இங்கேயும் கிட்டத்து ஸ்டேஜ் கொஞ்சம் தகராறு பிடித்த ஆசாமி.

மதிப்பெண் முறை இப்படி: அட்டையின் மையப் பகுதியில் பட்டால் 5 புள்ளி. அதைச் சுற்றிய பகுதியில் பட்டால், தோட்டாவின் வலிமையைப் பொறுத்து 4 அல்லது 3. ஓரத்தில் 2 அல்லது 1. தவறவிட்டால் 10 புள்ளி கழியும். மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். வரும் எண்ணுக்கு 'ஹிட் ஃபேக்டர்' என்று பெயர். யாருக்கு அதிகமோ அவர் அந்த ஸ்டேஜை ஜெயிக்கிறார்.

6 அட்டை, ஒவ்வொன்றிலும் 2 தோட்டா, மொத்தம் 60 புள்ளி என்று ஒரு கிட்டத்து ஸ்டேஜ். முதல் வீரர் பன்னிரண்டையும் மையத்தில் போடுகிறார், 5 விநாடி. ஹிட் ஃபேக்டர் 12. இரண்டாமவர் மூன்றைச் சிதறவிட்டு 54 புள்ளிதான் எடுக்கிறார், ஆனால் 4.2 விநாடியில் முடித்துவிடுகிறார். அவருக்கு 12.86. துல்லியமாகச் சுட்டவர் தோற்றுப்போகிறார்.

இது விதிப்படி சரிதான். ஆனால் ஒரு போட்டி முழுக்க இப்படி ஸ்டேஜ்களே இருந்தால், துல்லியம் என்ற மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். கை வேகம் மட்டுமே ஜெயிக்கும்.

இதற்கு வைக்கும் மருந்துதான் 'சுடக் கூடாத' அட்டை. அதே அளவு, வேறு நிறம். அதை உண்மையான இலக்கின் மேல் பாதி மறைக்கிற மாதிரி வைப்பார்கள். அதில் ஒரு தோட்டா பட்டால் 10 புள்ளி போச்சு. மேலே சொன்ன இரண்டாமவரின் சிதறிய தோட்டாக்களில் ஒன்று அதிலும் பட்டிருந்தால் 54 என்பது 44 ஆகும். 4.2 விநாடிக்கு ஹிட் ஃபேக்டர் 10.48. இப்போது நிதானமாகச் சுட்டவர் ஜெயிக்கிறார். தூரத்தை ஒரு அடிகூடக் கூட்டாமல் ஸ்டேஜ் கஷ்டமாகிவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விதிப்படி ஓர் அட்டையைத் துளைத்துப் போகிற தோட்டா பின்னால் இருக்கும் அட்டையில் பட்டால் அது கணக்கில் வராது. கிட்டத்தில் அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி வைத்தால், பின்னட்டையில் இருக்கும் ஓட்டை நேராக வந்ததா, முன்னட்டை வழியாக வந்ததா என்று சண்டை ஆரம்பிக்கும். பல நேரம் அந்த வீரரைத் திரும்பச் சுடச் சொல்ல வேண்டியிருக்கும். இதெல்லாம் ஸ்டேஜ் போடும்போதே ஓர் அடி நகர்த்தி வைத்திருந்தால் வந்திருக்காது.

உயரமும் ஒரு நியாயப் பிரச்சினை. 5 அடி வீராங்கனையும் 6 அடி வீரரும் ஒரே தட்டிக்கு முன்னால் நிற்கிறார்கள். தட்டி தாழ்வாக இருந்தால் உயரமானவர் மேலேயே சுட்டுவிட்டுப் போய்விடுவார், அவர் பக்கவாட்டில் ஓடவே வேண்டாம். ஜன்னல் ஓட்டை மேலே இருந்தால் குள்ளமானவர் எக்கி நின்று சுடுவார், குழல் முனை மேல்நோக்கிப் போகும். இப்போது நியாயப் பிரச்சினை பாதுகாப்புப் பிரச்சினையாக மாறிவிட்டது. தூரத்து இலக்கில் இந்த உயர வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, 3 மீட்டரில் நன்றாகவே தெரியும். இடதுகைக்காரர்களுக்கும் அப்படித்தான். எல்லாக் கதவும் வலதுகைக்குத் தோதாகத் திறந்தால் அவர்களுக்கு ஒவ்வொரு ஸ்டேஜிலும் அரை விநாடி நஷ்டம். 4 விநாடி ஸ்டேஜில் அரை விநாடி என்பது சின்ன விஷயமா?

தோட்டா எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. சிறிய ஸ்டேஜில் 12, நடுத்தரத்தில் 24, பெரியதில் 32-க்கு மேல் தேவைப்படக் கூடாது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு 9-க்கு மேல் சுட்டாக வேண்டும் என்ற நிலையும் கூடாது. ஸ்டேஜ் பற்றிய விளக்கம் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லாக் குழுவுக்கும் வார்த்தை மாறாமல் வாசிக்க வேண்டும். காலையில் வந்த குழுவுக்கு ஒன்று, மதியம் வந்தவர்களுக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம்ம ஊரில் விளையாட முடியுமா?

ஐ.பி.எஸ்.சி கைத்துப்பாக்கிப் போட்டிக்குக் குறைந்தபட்சத் தோட்டா அளவு 9 x 19 எம்.எம். இந்தியாவில் அந்த வகைப் பிஸ்டல் சாதாரண மக்களுக்குத் தடைசெய்யப்பட்ட பிரிவில் வருகிறது. காவல்துறை, ராணுவம், துணை ராணுவப் படைகள்தான் அதைக் கையாள்கின்றன. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டம் ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடும் தளம் இருக்கிறது.

வெளிநாடுகளில் இதே விளையாட்டை 6 எம்.எம். பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் ஆடுகிறார்கள். 'ஆக்‌ஷன் ஏர்' என்று பெயர். 2018-ல் ஹாங்காங்கில் இதற்கு முதல் உலகப் போட்டியே நடந்தது. வீட்டு மாடி அளவு இடம் போதும் என்பதால் ஆசிய நகரங்களில் இது பிரபலம். தோட்டா இல்லையென்றாலும் 90 டிகிரி விதி, கண்ணாடி, தகுதிநீக்கம் எல்லாம் அப்படியே உண்டு.

தமிழ்நாட்டில் துப்பாக்கி சுடுதலைத் தொடங்க விரும்புபவர்களுக்கு இருக்கும் வழி ரைஃபிள் கிளப். சென்னை, கோவை, திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் கிளப்கள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் ஆரம்பிப்பது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அல்லது ஏர் ரைஃபிளில். 2016 ஆயுத விதிகளின்படி, .177 அளவுக்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதை வாங்கி வந்து மொட்டை மாடியில் தகர டப்பாவை வைத்துச் சுடலாம் என்று நினைப்பவர்கள், டப்பாவுக்குப் பின்னால் யார் வீடு இருக்கிறது என்று முதலில் எட்டிப் பார்த்துவிடுங்கள். அந்தச் சின்ன ஈயக் குண்டு ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.